ஃபேண்டஸி நாவல் பக்கமே போகாதவர்கள் முதல் நாவலை முடிக்க: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தால் டிராகன், மந்திரவாதி, இல்லாத ஊர், இல்லாத கடல் என்றுதான் பேச்சு. நான் அசோகமித்திரனும் தி. ஜானகிராமனும் படித்து வளர்ந்தவள், ஒரு கதையில் யாராவது கோலைத் தூக்கி மந்திரம் சொன்னாலே புத்தகத்தை மூடிவிடுவேன். அவள் அவ்வளவு ஆசையாகச் சொல்வதற்கு 'ம்' மட்டும் போட்டுக்கொண்டிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் படித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

எட்டு மாதம் ஆனது. ஏறக்குறைய ரூ.2,400 போனது. மூன்று புத்தகங்களைப் பாதியில் விட்டேன். நான்காவதைத்தான் முடித்தேன், முடித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது. தடுமாறியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில்தான், யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரே மாதத்தில், இருநூறு ரூபாய்கூட ஆகாமல் இந்த இடத்துக்கு வந்திருப்பேன். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது உங்களைத் தடுக்கிறது என்று பாருங்கள்

எல்லாருக்கும் ஒரே தடை இருப்பதில்லை. சிலருக்குப் பெயர்கள்தான் பிரச்சினை, வாயில் நுழையாத முப்பது பெயர் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். சிலருக்குப் புத்தகத்தின் தடிமன். சிலருக்கு ஆங்கிலம். எனக்கு இருந்தது நான்காவது வகை: 'இது நடக்கவே நடக்காதே, இதை ஏன் படிக்க வேண்டும்' என்ற நினைப்பு.

உங்களுடையது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெயரோ தடிமனோ ஆங்கிலமோதான் என்றால் நேராக மூன்றாவது படிக்குப் போய்விடுங்கள். நான்காவது வகை என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

2. வேதாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

நம்மில் முக்கால்வாசிப் பேர் சின்ன வயதில் அம்புலிமாமா படித்தவர்கள். 1947 ஜூலையில் இதே சென்னையிலிருந்துதான் அது வர ஆரம்பித்தது. விக்கிரமன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்துவிடும், வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடும். அப்போது நாம் யாரும் 'பிணம் எப்படிப் பேசும்' என்று கேட்கவில்லை. இந்த மனுஷன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டானே, என்ன செய்யப் போகிறான் என்று மட்டும்தான் பார்த்தோம்.

ஃபேண்டஸி நாவலையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு மந்திரம் வந்தால் 'இது சாத்தியமா' என்று கேட்காதீர்கள். 'இதைச் செய்வதற்கு இந்த ஆள் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது' என்று கேளுங்கள். நல்ல ஃபேண்டஸி நாவலில் மந்திரத்துக்கு ஒரு விலை இருக்கும். உடம்பு தளரும், உறவு போகும், பெயர் போகும், எதுவோ ஒன்று. அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தவுடன், ஜானகிராமன் கதையில் நான் எதைத் தேடுவேனோ அதே மனுஷர்கள் இதிலும் கிடைத்தார்கள். விலையே இல்லாமல் சண்டை வரும்போதெல்லாம் புது சக்தி முளைக்கிற புத்தகங்களும் இருக்கின்றன. அவை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, ஆரம்பிப்பவர்களுக்கு நிச்சயம் வேண்டாம்.

3. முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றே நிபந்தனை. 300 பக்கத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். கதை அந்தப் புத்தகத்திலேயே முடிய வேண்டும். முக்கியமான ஆட்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கூட்டம் இருந்தாலும் நாம் பின்தொடர வேண்டிய ஆள் ஒருவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்துகிறவற்றில் நான் படித்து, தைரியமாகச் சிபாரிசு செய்கிறவை இவை.

தமிழிலேயே தொடங்க வேண்டுமென்றால் பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). முழு ஃபேண்டஸி என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் வாசலைத் திறந்துவிடும். ராட்சச உருவம் கொண்ட ஒருவன் ஒரு கிழவரிடம் கைக்குள் அடங்கும் கறுப்பு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான், அதிலிருந்து கதை. அந்த உலகத்தில் ஆட்டுக்குட்டி பிறந்தால் அரசாங்கத்தில் பதிவு செய்து காது குத்த வேண்டும். கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் இடம் வரும், தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்ற யாருக்கும் அது கற்பனையாகவே தெரியாது. ஒரு விசித்திரத்தைக் கதைக்குள் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிஜமாக எழுதினால் என்ன ஆகும் என்று இதில்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றால் 'தி ஹாபிட்'. டோல்கீன் 1937இல் வெளியிட்டது, 19 அத்தியாயம். குழந்தைகளுக்கு எழுதியதாயிற்றே என்று தயங்க வேண்டாம், அதனால்தான் மொழி எளிதாக இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் பில்போ என்ற சாதுவான ஆள் சாயங்காலம் டீ குடிக்க உட்கார்கிறான். வாசல் மணி அடிக்கிறது. முன்பின் தெரியாத ஒரு குள்ளன் உள்ளே வந்து தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் இன்னொருவன், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஐந்து பேர், இப்படி மொத்தம் 13 குள்ளர்களும் ஒரு மந்திரவாதியும். ஒருவன் கேக் கேட்கிறான், ஒருவன் காபி கேட்கிறான், ஒருவன் முட்டை கேட்கிறான். பில்போவுக்குக் கவலையெல்லாம் கேக் எல்லாருக்கும் போதுமா, பத்தாவிட்டால் தனக்கு இல்லாமல் போய்விடுமோ என்பதுதான். சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளிகளுக்கு நடுவே அடுக்களைக்கும் கூடத்துக்குமாக அலைந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பில்போ பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். பதின்மூன்று பெயரையும் மனப்பாடம் செய்யாதீர்கள். தோரின் தலைவன், பாம்பர் குண்டு, பாலின் வயதானவர், இது போதும்.

எனக்குத் திருப்பம் தந்தது உர்சுலா லெ குயினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968). ஏறக்குறைய 200 பக்கம், பத்தே அத்தியாயம். அம்மா இல்லாத ஒரு ஏழு வயதுப் பையன், ஆடு மேய்க்கிறவன். அம்மாவுடன் பிறந்தவள், அதாவது நம் முறையில் அவனுக்குப் பெரியம்மாவோ சித்தியோ, ஒரு ஆட்டைக் கூரையிலிருந்து இறக்க ஏதோ சொல்வதை ஒட்டுக் கேட்டுக்கொள்கிறான். மறுநாள் மலையில் அதையே ஆட்டு மந்தையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறான். எல்லா ஆடும் ஓடி வருகின்றன. சத்தமே போடாமல் வந்து, அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, விலகவே மாட்டேன் என்கின்றன. பையன் பயந்துபோய் ஊருக்குள் ஓடுகிறான், மந்தையும் அவனை ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. கூப்பிடத் தெரிந்தது, அனுப்பத் தெரியவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது ரயிலில் மாம்பலம் வந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டே பக்கத்தில், மந்திரம் என்றால் என்ன, அதில் என்ன ஆபத்து, இந்தப் பையன் எப்படிப்பட்டவன் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அதற்கு அடுத்த பகுதியில் ஓஜியன் என்ற குரு வருகிறார். மழையை நிறுத்தத் தெரிந்தவர். மழை வருகிறது, அவர் நிறுத்தவில்லை, மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் நனைந்துகொண்டே, இவ்வளவு சக்தி இருந்தும் உபயோகிக்காத ஆளிடம் என்ன கற்றுக்கொள்வது என்று மனதுக்குள் குமைகிறான். மந்திரவாதி என்றாலே எனக்கிருந்த எரிச்சல் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது.

சண்டை, டிராகன், அரசர் எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). முடிவே இல்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், அதில் வாழும் ஒருவன் எழுதும் டயரி. ஆரம்பத்தில் எந்த மண்டபம் எந்தத் திசை என்று நிறைய வரும், குழம்பினாலும் நிற்காமல் போங்கள். ஐம்பது பக்கத்துக்குள் இது ஒரு துப்பறியும் கதைபோல் இழுக்க ஆரம்பித்துவிடும். துப்பறியும் நாவல் படிக்கிறவர்கள் இதையே முதலாவதாக வைத்துக்கொள்ளலாம்.

4. காசு கொடுப்பதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

என் ரூ.2,400 போனது இந்தப் படியைச் செய்யாமல்தான்.

முதல் பொறி, பாக எண். நடைபாதைக் கடை ஒன்றில் 'தி டூ டவர்ஸ்' என்ற பெயர் பிடித்துப்போய் வாங்கினேன். முதல் பக்கத்திலேயே யாரோ யாரையோ தேடிக்கொண்டு மலைமேல் ஓடுகிறார்கள், ஏன் என்று எங்கும் சொல்லவில்லை. பதினைந்து பக்கம் கழித்துத்தான் அது 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் இரண்டாம் பாகம் என்று தெரிந்தது. அந்த நாவல் ஒரே கதை, 1954-55இல் மூன்று புத்தகங்களாக வந்தது, நடுவில் நுழைய வழியே இல்லை. அட்டையிலோ முதுகிலோ உள்பக்கத்திலோ 'புக் டூ', 'பார்ட் டூ' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில பதிப்புகளில் ரொம்பச் சின்ன எழுத்தில்தான் இருக்கும், அப்போது ஃபோனில் பெயரைத் தட்டித் தேடிவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கள்ளப் பதிப்பு. நடைபாதையில் ரூ.150க்கு வாங்கிய இன்னொன்றில் 64ஆம் பக்கத்துக்கு அப்புறம் 97ஆம் பக்கம். ஒரு முழு பாரமே, அதாவது ஒன்றாக மடித்துச் சேர்க்கும் 32 பக்கக் கட்டே இல்லை. எழுத்தும் மங்கல். எழுதியவருக்கும் இதில் ஒரு பைசா போகாது. உண்மையான பழைய புத்தகத்தையும் கள்ளப் பதிப்பையும் பிரித்தறிய, தாளின் ஓரமும் அச்சும் சீராக இருக்கிறதா, அட்டைப் படம் மசங்கியிருக்கிறதா என்று பாருங்கள், நடுவிலும் கடைசியிலும் பத்துப் பத்துப் பக்கம் எண்ணைப் புரட்டுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, மொத்தத் தொகுப்பு. எர்த்சீ நாவல்கள் எல்லாவற்றையும் சேர்த்து 2018இல் படங்களோடு ஒரே தொகுதி வந்திருக்கிறது, ஆயிரம் பக்கத்தை ஒட்டி. அழகான புத்தகம்தான். ஆனால் இணையத்தில் பக்க எண்ணிக்கையைப் பார்க்காமல் அதை வாங்கிவிட்டு, ரயிலில் கொண்டுபோகவும் முடியாமல், படுத்துக்கொண்டு படிக்கவும் முடியாமல் மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். முதல் நாவலைத் தனியாக வாங்குங்கள், பிடித்தால் அப்புறம் தொகுப்பு.

நான்காவது, இன்னும் முடியாத தொடரும் ரொம்ப நீளமான தொடரும். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996இல் தொடங்கிய வரிசை, ஐந்தாவது பாகம் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. 'வீல் ஆஃப் டைம்' 14 பாகம், எழுதியவர் 2007இல் காலமாகி இன்னொருவர் முடித்து வைத்தார். இரண்டுக்கும் உயிரைக் கொடுக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களே உங்களை முதலில் இங்கேதான் இழுப்பார்கள். அன்பாகச் சொல்கிறார்கள், ஆனால் இப்போதைக்கு வேண்டாம்.

5. எங்கே போவது, என்ன காகிதம், எவ்வளவு செலவு

முதலில் காசில்லாத வழி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. பையை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் பர்ஸ், ஃபோன், கண்ணாடி, ஒரு பேனா மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகத்தை மற்ற தளங்களுக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள், அதற்குத் தரைத்தளத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆங்கிலப் புனைகதை எந்தத் தளம் என்று விசாரணை மேசையில் கேட்டுவிடுங்கள், அலைய வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில் போய் மூன்று புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் 30 பக்கம் படியுங்கள். இதை நான் முதல் மாதமே செய்திருந்தால் மேலே சொன்ன எதற்கும் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு எடுத்துப்போக உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஆதார் அட்டை நகல், அதில் பழைய விலாசம் இருந்தால் இப்போதைய விலாசத்துக்கு வேறொரு சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவு ஃபோட்டோ, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அறிமுகக் கையெழுத்து கேட்கும் கிளைகளும் உண்டு, எனவே முதல் தடவை போகும்போது படிவத்தை மட்டும் வாங்கி, என்னென்ன வேண்டும் என்று நூலகரிடமே கேட்டு, அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் ஃபோட்டோ இல்லாமல் ஒரு தடவை, நகல் இல்லாமல் ஒரு தடவை என்று மூன்று நடை நடந்தேன். பணம் பெரிய தொகை இல்லை, சில்லறையாக எடுத்துப்போங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதில் வைப்புத்தொகையும் அடங்கும் என்பதால் விலகும்போது திரும்பக் கேட்க அது வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் கிளைகள் நிறைய, போவதற்கு முன் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளை நூலகத்தில் ஆங்கில ஃபேண்டஸி குறைவுதான், குழந்தைகள் அலமாரியில் தேடினால் கிடைக்கலாம். இல்லையென்றால் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் பாருங்கள்.

சொந்தமாக வேண்டுமென்றால் புது ஆங்கில பேப்பர்பேக் ரூ.350 முதல் ரூ.600 வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதாக, திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும் லஸ் பக்கத்திலும் தேடினால் ரூ.100, ரூ.200க்கு நல்ல பிரதி கிடைக்கும். அவசரம் இல்லையென்றால் ஜனவரி வரை பொறுங்கள். பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, தமிழ்ப் புத்தகங்களுக்கு அதுதான் சரியான இடம். வாரநாள் மதியம் போங்கள். ஞாயிறு மாலை போனால் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்க்க முடியாது, ஃபேண்டஸி வாங்குகிறவருக்குப் புரட்டிப் பார்ப்பது முக்கியம்.

மின்னூலாகப் படிப்பவர்கள் இலவச மாதிரியை முதலில் இறக்கிப் படித்துவிட்டு, அது முடியும்போது மேலே படிக்கத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

6. முதல் 30 பக்கத்தைத் தாண்டுவது

இதுதான் கஷ்டமான இடம், நான் மூன்று தடவை விழுந்ததும் இங்கேதான்.

புத்தகத்தைத் திறந்தவுடன் ஒரு வரைபடம் இருக்கும். நான் அதை நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "சித்தி, மேப்பை எதுக்குப் படிக்கிறீங்க, கதையப் படிங்க. தொலைஞ்சு போனா அந்தப் பையனும்தான் தொலைஞ்சு போறான்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஊர் கதை மாந்தருக்கே புதிது என்றால் உங்களுக்கும் புதிதாகவே இருக்கட்டும். வரைபடத்தைத் தாண்டிவிடுங்கள். நீண்ட முன்னுரை, வம்ச வரலாறு, பின்னிணைப்பு எல்லாவற்றையும் முடித்த பிறகு படித்துக்கொள்ளலாம். லார்ட் ஆஃப் த ரிங்ஸின் முன்னுரையில் புகையிலையைப் பற்றியே தனியாக ஒரு பகுதி இருக்கிறது, கதை தொடங்கும் முன் அதில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர்.

அகராதியையும் மூடி வையுங்கள். தெரியாத சொல் வந்தால் அது மரமா, ஆயுதமா, சாப்பாடா என்று இடத்தைப் பார்த்தே தெரியும், அது போதும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று கவலை வேண்டாம், உங்கள் வாய்க்கு வருவதுதான் உச்சரிப்பு.

ஆனால் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்க அடையாளத்துக்கும் அதுவே ஆகும். என்னுடையது மளிகைக் கடை பில்லின் பின்பக்கம். அதில் இப்படி எழுதியிருந்தேன்: கெட் - பையன். ஓஜியன் - முதல் வாத்தியார். ஜாஸ்பர் - பள்ளிக்கூடத்தில் வம்பிழுப்பவன். வெட்ச் - சிநேகிதன், நல்லவன். உறவுமுறையோ தொழிலோ ஒன்றை மட்டும் எழுதுங்கள், அதற்கு மேல் எழுதினால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆகிவிடும். ஆறு பேருக்கு மேல் எழுத வேண்டி வந்தால், அநேகமாக நீங்கள் தவறான புத்தகத்தை எடுத்திருக்கிறீர்கள்.

படத்தையோ வெப் தொடரையோ முதலில் பார்த்துவிட்டால் எளிதாக இருக்குமே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை. நடிகர்களின் முகம் மனதில் உட்கார்ந்துவிட்டது, நானாகக் கற்பனை செய்ய ஒன்றுமே மிச்சம் இல்லாமல் போனது. புத்தகத்தை முடித்துவிட்டு ஆசையாகப் பாருங்கள்.

7. நேரத்தை ஒதுக்குங்கள்

படுக்கையில் படித்தால் தூக்கம் வந்துவிடும், இந்த வகைக்கு முதல் வாரம் அது ஆகாது. ஒரு புது உலகத்துக்குள் போக இருபது நிமிடமாவது தொடர்ந்து வேண்டும், அதற்குள் ஃபோன் அடித்தால் திரும்ப முதலிலிருந்து. எனக்கு அமைந்தது மின்சார ரயில். சைதாப்பேட்டையில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குகிறேன், போக 25 நிமிடம், வர 25 நிமிடம். போகும்போது புதிதாகப் படிப்பேன். திரும்பும்போது கூட்டம் அதிகம், நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும், அப்போது காலையில் படித்ததையே ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எழுத்து ஆடும், அவர்கள் ஒலிநூல் முயன்று பார்க்கலாம், ஆனால் பெயர்கள் காதில் மட்டும் விழுந்தால் இன்னும் குழம்பும் என்பதால் துண்டுச் சீட்டு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். எர்த்சீ பத்து அத்தியாயம், நூலகத்தில் எனக்குக் கொடுத்த கெடு 14 நாள். இடையில் நாலு நாள் படிக்காவிட்டாலும் முடித்துவிடலாம். ஹாபிட் 19 அத்தியாயம், அதற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், கெடு முடிவதற்கு முந்தின நாளே போய்விடுங்கள்.

வருடக் கடைசி, மார்ச் மாதம், வீட்டில் கல்யாணம் போன்ற சமயங்களில் தொடங்காதீர்கள். நான் இரண்டாவது புத்தகத்தை ஒரு மார்ச்சில் தொடங்கினேன், அலுவலகக் கணக்கு முடிக்கும் வேலையில் பத்து நாள் விட்டுப்போய், திரும்ப எடுத்தபோது யார் யார் என்றே நினைவில்லை. ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். நவம்பரும் நன்றாகத்தான் இருக்கும், மழையில் வெளியே போக முடியாமல் வீட்டில் இருக்கும் நாட்களில் கடல் வரும் கதை படிப்பது தனிச் சுகம். ஆனால் நூலகப் புத்தகத்தைப் பால் கவரிலோ பிளாஸ்டிக் பையிலோ சுற்றாமல் வெளியே எடுக்காதீர்கள்.

8. எப்போது விட்டுவிடலாம்

300 பக்கப் புத்தகத்தில் 75 பக்கம், அதாவது கால் பங்கு, படித்தும் அடுத்து என்ன என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையென்றால் மூடிவிடுங்கள். அதற்கு முன் விடாதீர்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். எர்த்சீயில் இந்த எல்லை மூன்றாவது அத்தியாயத்தை ஒட்டி வரும். நான் அதற்கு மட்டும் ஒரு விலக்குச் சொல்வேன்: நாலாவது அத்தியாயத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பையன் கர்வத்தில் ஒரு காரியம் செய்கிறான், அதற்கான விலையை மீதிப் புத்தகம் முழுக்கக் கட்டுகிறான். அந்த அத்தியாயமும் பிடிக்கவில்லையென்றால் உங்களுக்கான புத்தகம் வேறு.

ஒரு புத்தகத்தை விட்டதும் உடனே அதே மாதிரி இன்னொன்றை எடுக்காதீர்கள். நடுவில் உங்களுக்கு எப்போதும் பிடித்ததில் ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள். நான் அசோகமித்திரன் சிறுகதைகளுக்குப் போய் வந்தேன். அப்புறம் வேறு மாதிரி ஒன்றை எடுங்கள், போர்க்கதை ஒத்துவரவில்லையென்றால் பிரனேசி, ஆங்கிலம் ஓடவில்லையென்றால் பூனாச்சி. விட்ட புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் கொடுத்தால் போட்ட காசில் சிறு பங்குதான் வரும், அதைவிட ஆசையாகப் படிக்கும் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். என் ஆயிரம் பக்கத் தொகுப்பு இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது.

9. பேச ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அவர்களைவிடச் சிறந்த ஆள் கிடையாது. உங்களுக்குப் புரியாததை அவமானப்படுத்தாமல் சொல்வார்கள், அவர்களுக்குப் பிடித்ததைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறாரே என்று சந்தோஷப்படுவார்கள். நிபந்தனை ஒன்று மட்டும் முன்னாலேயே போட்டுவிடுங்கள், எந்த அத்தியாயம் வரை படித்திருக்கிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் நீ பேச வேண்டும் என்று. இல்லையென்றால் உற்சாகத்தில் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

நான் எர்த்சீயின் எட்டாவது அத்தியாயத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஃபோன் செய்தாள். எதுவரைக்கும் வந்திருக்கீங்க என்றாள். எட்டு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம், "சரி, நான் இப்ப ஒண்ணும் பேசல, முடிச்சிட்டு நீங்களே கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். புதன்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டேன். தூங்கியிருப்பாளோ என்று பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தாள்.